சம்பாக் கோயிலின் சுவரும் சகல ஜாதிகளும்

தமிழ் விவிலியத்தின் பழைய திருப்புதல்களோடு பழகியவர்களுக்கு 'ஜாதி' என்ற சொல் புதிதன்று. உயிர்த்தெழுந்த இயேசு தம் சீடர்களை உலகெங்கும் அனுப்பிவைக்கும் இடத்தில் கிரேக்க மூலத்திலுள்ள சொல் 'எத்னோஸ்'. மக்களினம், நாட்டினம் என்பது அதன் பொருள். பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அதனை 'ஜாதி' என்று எழுதினார்கள். யூதரல்லாதார் அனைவரும் 'புறஜாதியார்' ஆனார்கள். அக்காலத் தமிழில் இனம், வகை என்னும் விரிந்த பொருளிலும் அச்சொல் வழங்கியது. ஆகவே அதனைப் பிழையென்று தள்ள இயலாது. 1995இல் கத்தோலிக்கரும் புரொட்டஸ்தாந்தரும் இணைந்து கொணர்ந்த பொது மொழிபெயர்ப்பு 'மக்களினத்தார்', 'பிற இனத்தார்' என்று அதனைத் திருத்திக்கொண்டது. மொழியறிஞர் எவரும் இத்திருத்தத்தை ஏற்பர். எனக்கோ அதில் சிறு வருத்தம் உண்டு. தமிழ்நாட்டுக் கிறித்தவம் முந்நூறு ஆண்டுகளாகக் கேட்க விரும்பாத ஒரு கட்டளையைப் பழைய சொல் தன்னையறியாமலே சொல்லிக்கொண்டிருந்தது. புதிய சொல் அவ்வகையில் நம்மைத் தப்பவிட்டுவிட்டது.

மீட்பு எல்லா நாட்டினருக்கும் உரியது என்பதில் இங்கே எவருக்கும் ஐயம் எழுந்ததில்லை. போர்த்துக்கீசியர் வந்தனர், இத்தாலியர் வந்தனர், பிரெஞ்சுக்காரர் வந்தனர், தரங்கம்பாடிக்கு ஜெர்மானியர் வந்தனர். அவர்களுடைய புனிதர்கள் நம் ஊர்களில் பொங்கலும் தேரும் பெற்றனர். நான் இருக்கும் செல்லிப்பட்டு சங்கராபரணி ஆற்றங்கரை ஊர். இங்கிருந்து வில்லியனூர் மாதா கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்களில் இந்துக்களும் பலர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு லூர்து நகரின் பெயரால் எழுந்த கோயில் அது. அங்குள்ள குளத்து நீரைக் குப்பியில் நிரப்பி வந்து வீட்டுப் பூசை மாடத்தில் வைப்பவர்களை நான் அறிவேன். நாடு, மொழி, மதம் என்ற வேலிகளையெல்லாம் அந்த மாதா எளிதாகத் தாண்டிவிட்டாள். தாண்ட முடியாமற் போனது ஊருக்கும் சேரிக்கும் நடுவே கிடக்கும் நடை தூரத்தைத்தான். ஏழு கடலுக்கு அப்பாலிருப்பவனைச் சகோதரன் என்பதில் செலவு ஏதும் இல்லை. அவன் நம் திண்ணையில் வந்து உட்காரப்போவதில்லை.

இதற்குக் காலங்காலமாகச் சொல்லப்படும் சமாதானம் ஒன்று உண்டு. மீட்பு ஆன்மாவைப் பற்றியது. சாதி உலக வழக்கைப் பற்றியது. கோயிலில் யார் எங்கே உட்கார்ந்தாலும் மோட்சத்தில் இடம் ஒன்றே. ஆகவே வழக்கை வழக்காக விட்டுவிட்டு நம்பிக்கையைக் காத்தால் போதும் என்பது. படித்தவர்கள் வாயிலும் இதனைக் கேட்கிறேன். இது தவறான வாதம் என்பது மட்டுமன்று, விவிலியத்தையே தலைகீழாகப் படிக்கும் வாதம் என்பது என் துணிபு. ஏனெனில், எல்லா இனத்தாருக்கும் மீட்பு என்னும் கோட்பாடு தொடக்கத் திருச்சபையில் முடிவானதே சாப்பாட்டுப் பந்தியிலும் கோயில் சுவரிலுமாகத்தான். மோட்சத்தில் இட ஒதுக்கீடு பற்றிய விவாதமாக அது எழவே இல்லை.

திருத்தூதர் பணிகள் நூலின் பத்தாம் அதிகாரத்தைப் பாருங்கள். யோப்பாவில் ஒரு மாடியில் பசியோடு இருந்த பேதுருவுக்கு ஒரு காட்சி வருகிறது. வானத்திலிருந்து இறங்கும் விரிப்பு ஒன்றில் யூதர்கள் உண்ணத்தகாதவை என ஒதுக்கிய உயிரினங்கள் இருக்கின்றன. அடித்து உண்ணுமாறு குரல் ஒலிக்கிறது. அவர் மறுக்கிறார், மும்முறை மறுக்கிறார். அதன்பின் செசரியாவிலிருந்து உரோமைப் படைத்தலைவன் கொர்னேலியுவின் ஆட்கள் வந்து வாசலில் நிற்கும்போதுதான் காட்சியின் பொருள் விளங்குகிறது. விலக்கான உணவு என்றது விலக்கான மனிதனை. அந்நியன் வீட்டுப் படியேறுவது தம் வழக்கத்துக்கு ஒவ்வாது என்று கொர்னேலியுவின் வீட்டிலேயே சொல்லிவிட்டுத்தான் பேதுரு பேசத் தொடங்குகிறார். எருசலேமுக்குத் திரும்பியதும் அவரைக் குடைந்தவர்கள், ஏன் அவர்களுக்குப் போதித்தாய் என்று கேட்கவில்லை; ஏன் அவர்கள் வீட்டுக்குள் போய் உண்டாய் என்று கேட்டார்கள். நம் ஊர்ப் பஞ்சாயத்தில் கேட்கப்படும் அதே கேள்வி.

அத்தோடு முடியவில்லை. அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு பந்தியில் அமர்ந்து உண்டுவந்த இதே பேதுரு, எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் மெல்ல எழுந்து விலகிக்கொள்கிறார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே எதிர்த்தார் என்பது கலாத்தியர் திருமுகத்தில் பவுலே எழுதி வைத்திருக்கும் செய்தி. பேதுரு கோட்பாட்டை மறுக்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பிற இனத்தாருக்கு மீட்பில்லை என்று அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பந்தி மாறி உட்கார்ந்தார், அவ்வளவே. அந்த ஒரு செயலே நற்செய்தியின் உண்மைக்கு மாறானது என்று பவுல் கண்டார். நம்பிக்கை வேறு, வழக்கம் வேறு என்னும் சமாதானம் முதன்முதலில் தோற்ற இடம் அந்தியோக்கியா.

இனிச் சுவரைப் பற்றி. எருசலேம் தேவாலயத்தின் வெளி முற்றத்துக்கு அப்பால் இடுப்பளவுத் தடுப்பு ஒன்று இருந்தது. பிற இனத்தார் அதைத் தாண்டலாகாது. தாண்டிப் பிடிபட்டால் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று கிரேக்க மொழியில் கல்லில் பொறித்து வைத்திருந்தார்கள். அக்கற்களில் முழுமையான ஒன்றை 1871இல் கிளெர்மோன்-கன்னோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர் கண்டெடுத்தார். இன்று அது இசுதான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பவுல் எருசலேமில் பிடிபட்டதே, எபேசு நகரத்துத் துரோபிமு என்ற அந்நியனை அந்தத் தடுப்புக்குள் அழைத்துப் போனார் என்ற குற்றச்சாட்டால் மூண்ட கலவரத்தில்தான். பிரித்து நின்ற சுவரைக் கிறிஸ்து தம் உடலால் தகர்த்தார் என்ற உருவகம் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தில் வருகிறது. அத்திருமுகம் பவுலின் கையெழுத்தா, அவர் சீடருடையதா என்ற அறிஞர் சச்சரவுக்குள் நான் போகவில்லை. சுவர் உருவகமாகுமுன் கல்லாக இருந்தது என்பதே எனக்கு வேண்டியது.

பவுலையும் சுவரையும் இவ்வளவு பேசியதற்குக் காரணம் இருக்கிறது. புதுச்சேரியில் ஜென்மராக்கினி மாதா பேராலயத்தைச் 'சம்பாக் கோயில்' என்பார்கள். 'சென் பவுல்' என்பது மக்கள் வாயில் 'சம்பா' ஆயிற்று. இன்றுள்ள கட்டடம் பின்னர் எழுந்தது. 1761இல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கியபோது பழைய கோயில் அழிந்தது. ஏசு சபையினர் நடத்திய அந்தப் பழைய கோயில் பவுல் பெயரில் இருந்தது. பிற இனத்தாரின் திருத்தூதர் எனப்பட்டவரின் பெயர் கொண்ட அக்கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒருபுறம் பறையர், மறுபுறம் சாதிக் கிறித்தவர்களும் ஐரோப்பியரும்.

அந்தச் சுவரைப் பற்றி நமக்குச் சொல்பவர் பாதிரியார் அல்லர், ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் வைணவர், கிறித்தவர்களின் உட்பூசலில் அவருக்குத் தனிப்பட்ட இலாபமோ நட்டமோ இல்லை என்று சொல்லலாம் போலத் தோன்றும். அதுவும் முழு உண்மையன்று. தலைமைத் துபாஷியாக இருந்த கனகராய முதலியார் கிறித்தவர். அந்தப் பதவியின்மேல் பிள்ளைக்கு ஒரு கண் இருந்தது. ஆயினும் 1745 அக்டோபரில் அவர் எழுதிய நாட்குறிப்பு பொய்யுரைக்கக் காரணமில்லை. காரைக்கால் கோயிலில் எழுந்த பேச்சின் எதிரொலியாகப் புதுச்சேரிப் பறையர் கிறித்தவர்கள் திரண்டு தலைமைப் பாதிரியாரிடம் போனார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தாம் என்றால் எங்களையும் மற்றவர்களையும் ஒன்றாக நடத்த வேண்டாமா என்பது அவர்கள் வாதத்தின் சாரம். பாதிரியார் ஏற்றுக்கொண்டார். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்து, இனிக் கோயிலுக்கு வரமாட்டோம் என்றார்கள்.

இந்நிகழ்ச்சியைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஏசு சபையினரின் பெருந்தன்மையைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அந்தப் புகழ்ச்சியில் உடன்பாடில்லை. அந்தச் சுவருக்கு நெடுங்காலம் இடம் கொடுத்தவர்களும் அவர்களே. உயர்சாதியினருக்குத் தனி மறைபரப்பாளர், தாழ்த்தப்பட்டோருக்குப் பண்டாரசாமிகள் என்று குருக்களையே இரண்டாகப் பிரித்துப் பார்த்த மரபு அவர்களுடையது. திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்திருந்த தூர்னோன், 1704இல், நோயுற்றுக் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் குருக்கள் போய் அருட்சாதனம் வழங்கியே தீரவேண்டும் என்று ஆணையிட வேண்டியிருந்தது. சாகக் கிடப்பவன் குடிசைக்குள் குனிந்து நுழைவதற்கு ஓர் ஆணை! அதனை எதிர்த்து நாற்பதாண்டுகள் உரோமைக்கு முறையீடுகள் போயின. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் இறுதித் தீர்ப்பை வழங்கியபோதும், பறையருக்கென்று தனிக் குருக்கள் குழுவை ஏசு சபையினர் அமைத்துக்கொள்ளும் ஏற்பாடு அதில் இடம்பெற்றது. மறு ஆண்டில் சுவர் விழுந்ததற்கும் இத்தீர்ப்பு கிளப்பிய காற்றுக்கும் தொடர்பு இருந்திருக்கும் என்றே கருதுகிறேன். ஆனால் சுவரை இடிக்கக் கேட்டவர்கள் உரோமையிலிருந்து வரவில்லை. பறைச்சேரியிலிருந்து வந்தார்கள். எபேசியர் திருமுகத்தைச் சரியாகப் படித்த விளக்கவுரையாளர்கள் அவ்வாண்டில் புதுச்சேரியில் அவர்களே. அவர்களில் எத்தனை பேருக்கு எழுத்துத் தெரிந்திருக்கும் என்பது வேறு.

அதே 1745இல் கனகராய முதலியார் தம் மறைந்த மகன் நினைவாக உழவர்கரையில் ஒரு கோயில் கட்டி விருந்து வைத்தார். அந்த விருந்தையும் பிள்ளை விரிவாகக் குறித்திருக்கிறார். ஐரோப்பியருக்கு மேசை, மற்றவர்களுக்கு அவரவர் சாதி வழக்கப்படி தனித்தனி ஏற்பாடு. நகரத்தில் சுவர் விழுந்த ஆண்டில், ஒரு காத தூரமும் இல்லாத ஊரில் பந்தி பிரிந்து நடந்தது. அந்தியோக்கியா நமக்கு வெகு தொலைவு அல்ல.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. 1748இல், ஆங்கிலேயர் முற்றுகையின்போது, சம்பாக் கோயிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. இடிக்கத் துடித்தவர்களில் அப்பாதிரியார்கள் முன்நின்றார்கள். தம் கோயிலுக்குள் சுவரை இடித்த மூன்றாண்டில் அடுத்தவன் கோயில் சுவரையும் இடித்தார்கள். பிற இனத்தாரை வரவேற்கும் நற்செய்தி, அவர்களுடைய தெய்வத்தை வீட்டைவிட்டுத் துரத்தும் அதிகாரமாக மாறியது எப்படி என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள். பிள்ளையின் அந்த நாளைய குறிப்பைப் படிப்பவர்கள் அவர் மனம் கசந்ததை உணர்வார்கள்.

கத்தோலிக்கரை மட்டும் குறை கூறுவதாக எண்ண வேண்டா. தரங்கம்பாடி லுத்தரன் மிஷனில் தஞ்சைப் பகுதி முழுவதையும் தம் உழைப்பால் நிரப்பிய இராஜநாயக்கன் என்ற உபதேசியார் இருந்தார். தஞ்சை மன்னரின் படையில் அலுவல் பார்த்தவர், பறையர். 1733இல் முதல் இந்தியக் குருவாகப் பட்டம் பெற்றவர் வேளாளரான ஆரோன். அடுத்துக் குருப்பட்டம் பெறத் தகுதி வாய்ந்தவர் யார் என்ற பேச்சு வந்தபோது இராஜநாயக்கனின் பெயர் அடிபட்டது. பிற சாதியார் அவர் கையால் திருவிருந்து வாங்கமாட்டார்கள் என்று சொல்லி வேறொருவருக்கு அப்பட்டத்தைக் கொடுத்தார்கள். நூறாண்டு கழித்து, 1833இல், கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சாதியை உடனே கைவிட வேண்டும் என்று திருமுகம் அனுப்பியபோது, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும் புலவரே அதனை எதிர்த்து நின்றார். அவர் பாடல்களை நேசிப்பவன் என்ற முறையில் இதை எழுதக் கை கூசுகிறது. எழுதாமல் இருக்கவும் இயலவில்லை. வெள்ளைக்காரர்கள் நம் வழக்கங்களை அறியாது கை வைக்கிறார்கள் என்ற அவருடைய குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நியாயத்தின் விலையைக் கொடுத்தவர்கள் வேறு தெருவில் இருந்தார்கள்.

நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் கோயிலின் கதை இன்னும் வெளிப்படையானது. வேளாளருக்கு ஒரு பிரிவு, நாடாருக்கு ஒரு பிரிவு என்று இரு கால்களாகப் பிரித்து 1872இல் கட்டினார்கள். காற்சட்டைக் கோயில் என்ற பட்டப் பெயர் அதற்கு உண்டு. 1910இல் நடுத்தடுப்பு அகற்றப்பட்டது. வேளாளர் தரப்பு நீதிமன்றம் ஏறியது. கிறித்தவ ஆலயத்தில் சாதிவழியாக இடம் கோரும் உரிமை கிடையாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. பவுல் பேதுருவுக்குச் சொன்னதைத் திருச்சபையே சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த காலத்தில், அந்நிய அரசின் நீதிபதிகள் தீர்ப்பாக எழுதினார்கள்.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்குவோருக்கு எறையூரைச் சொல்வேன். இதே புதுவை - கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது; அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது, இன்று கள்ளக்குறிச்சியில் இருக்கிறது. கோயிலிலும், பிணம் கொண்டுபோகும் வழியிலும், கல்லறையிலும் ஒதுக்கப்பட்ட தலித் கிறித்தவர்கள், தங்கள் சிற்றாலயத்தைத் தனிப் பங்காக்கித் தருமாறு கேட்டார்கள். 2008 மார்ச் 9ஆம் நாள் வன்னியக் கிறித்தவர்கள் அவர்கள் குடியிருப்பைத் தாக்கினார்கள். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறித்தவர் இருவர் மாண்டனர். மாண்டவர்களும் அடிபட்டவர்களும் ஒரே ஜெபமாலையை உருட்டியவர்கள். 1745இல் சுவரை இடியுங்கள் என்று கேட்டவர்களின் வழித்தோன்றல்கள், 2008இல் எங்களுக்குத் தனிக் கோயில் கொடுங்கள் என்று கேட்கும்படி ஆனதைத்தான் நான் பெருந்தோல்வி என்கிறேன். இருநூற்று அறுபது ஆண்டுகளில் கோரிக்கை முன்னேறவில்லை, பின்வாங்கியிருக்கிறது. சேர்ந்து உட்கார முடியும் என்ற நம்பிக்கையே போய்விட்ட பிறகு எழும் கோரிக்கை அது. தனிப் பங்கு கேட்டவர்களை ஒற்றுமையைக் குலைப்பவர்கள் என்று பேசியவர்களும் உண்டு. எந்த ஒற்றுமையை?

அரசின் நிலைப்பாடோ விந்தையானது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். புதுச்சேரிக்கென 1964இல் பிறந்த ஆணையிலும் கிறித்தவருக்கு இடமில்லை. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண்ணொருவரின் வழக்கில், கோயிலுக்குப் போகும் கிறித்தவர் பட்டியல் சாதிச் சான்று கோருவது அரசமைப்புக்கு இழைக்கும் மோசடி என்ற அளவுக்கு உச்சநீதிமன்றம் சென்றது. கிறித்தவத்தில் சாதி இல்லை என்பது சட்டத்தின் துணிபு. இந்திய ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையோ, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறது. நீதிமன்றத்தில் சாதியற்றவனாகவும் கல்லறையில் சாதிக்காரனாகவும் ஒருவன் இருக்க வேண்டியிருக்கிறது.

ஆயர் பேரவையின் ஒப்புதலைச் சிறுமைப்படுத்த மாட்டேன். 2003இல் தமிழக ஆயர்களைச் சந்தித்தபோது திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் சாதி வேறுபாட்டைக் கடிந்துரைத்தார். 2022இல் ஐதராபாத்து பேராயர் அந்தோணி பூலா கர்தினாலானார். தலித் ஒருவர் அந்நிலையை எய்தியது அதுவே முதன்முறை. இவற்றுக்கெல்லாம் அவற்றுக்குரிய மதிப்பு உண்டு. ஆனால் அறிக்கைகள் கோட்பாட்டின் தளத்தில் நிற்கின்றன. அந்தியோக்கியாவில் பேதுருவின் கோட்பாடும் சரியாகத்தான் இருந்தது.

எனவே நான் கேட்பது சிறியது, இடம் சுட்டிச் சொல்லக்கூடியது. இந்த உயர்மறைமாவட்டத்தின் பங்குகளில் எங்கெங்கே கல்லறைத் தோட்டம் இரண்டாக இருக்கிறது, எங்கெங்கே தேர் சேரித் தெருவுக்குள் நுழையாமல் திரும்புகிறது, எங்கெங்கே பாடை வண்டி இரண்டு நிற்கிறது என்று பங்கு வாரியாக எழுதி, ஒவ்வொரு கோயிலின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டட்டும். திருவிழாச் செலவுக் கணக்கை ஒட்டுகிறார்களே, அதன் பக்கத்தில் இடமிருக்கும். ஆண்டுக்கொருமுறை அப்பட்டியலைத் திருத்தி ஒட்டட்டும். இரண்டு கல்லறைத் தோட்டம் உள்ள ஊரில், அவற்றுக்கு நடுவிலுள்ள வேலி எந்த மாதம் எடுக்கப்படும் என்பதைப் பங்குப் பேரவை நாளிட்டு எழுதட்டும். வேலியை எடுக்க மறுக்கும் ஊரில் திருவிழாக் கொடி ஏறாது என்று பேராயர் சொல்லட்டும். கொடியேற்றாமல் விடுவதன் வலி என்னவென்று நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.